அவருக்குத் தெரியாமல்

பிப்ரவரி 3, செவ்வாய்.

காலை அவசரத்தில் அப்பாவின் டிபன் கேரியரை என் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னுடையது வீட்டிலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, பார்க்க ஒன்று போலவே இருக்கும் என்று எழுத வந்தேன். அது காரணமில்லை. திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இரண்டிலும் ஒரே சாப்பாடுதானே, பெரிய தவறில்லை என்று நினைக்கிறேன்.

எழுதியதை நிலா இரண்டு முறை படித்தாள். கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டாள். டவுன் ஜவுளிக் கடையில் வியாபாரம் இன்னும் சூடுபிடிக்கவில்லை. பகலில் இங்கே பில் போடுவது, மாலையில் கணக்கியல் வகுப்பு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் இந்த டைரி. அன்றைய பிழையை அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்ததை அவள் கணக்குக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு எந்தப் பிழையும் வரக்கூடாது என்று விடியற்காலையிலேயே நினைத்திருந்தாள். அப்பா கோவிந்தராசு இன்றுதான் மறுபடி அறுப்பு மிஷினில் ஏறுகிறார்.

மார்கழி முழுக்க மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில் இருந்தவர், போகியன்று வீடு திரும்பினார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா அல்லி, “அல்சர், வயித்துல புண்ணு” என்று சொல்லி வைத்திருந்தாள். குரும்பகரத்தில் அதை நம்பியவர்களும் உண்டு, நம்பியதாகக் காட்டிக்கொண்டவர்களும் உண்டு.

மிஷின் ஓட்டுவதில் பயமில்லை. அந்த வேலையோடு ஒட்டி வருவதில்தான் பயம். யார் வயலில் மிஷின் இறங்குகிறதோ அவர் முதல் நாள் டிரைவருக்கு ஒரு குவார்ட்டர் கொடுப்பார். கூலி வேறு, பேட்டா வேறு, இது வேறு. கேட்கவே வேண்டாம். கொடுக்காமல் விட்டால் வயல்காரருக்குத்தான் மரியாதைக் குறைச்சல். இந்த ஊரில் அதற்காக அலையவும் வேண்டியதில்லை. எந்த முக்கில் திரும்பினாலும் சாராயக்கடை.

“ஏ நிலா,” என்று புடவைப் பிரிவிலிருந்து அஜீசுன்னிசா குரல் கொடுத்தாள். “வாசல்ல ஒருத்தவங்க செருப்பக் கழட்டுறாங்க. ஒங்கம்மா மாதிரியே இருக்கு. நம்ம கடைக்குச் செருப்பக் கழட்டிட்டு வர்ற ஆளும் இருக்கா?”

அம்மாதான். வீட்டுப் புடவையோடு வந்திருந்தாள். நெற்றிக் குங்குமம் வேர்வையில் இறங்கியிருந்தது. கையில் இன்னொரு டிபன் கேரியர்.

“மாத்தி எடுத்துட்டு வந்துட்ட. குடு அத.”

“இதுக்கா பஸ் ஏறி வந்த? என்னோடத அப்பாவுக்குக் கொண்டு போயிருக்கலாம்ல. நான் இதச் சாப்புட்டிருப்பேன்.”

“அவருக்கு ரசத்துல மொளகு தூக்கலாப் போட்டிருக்கேன். ஒனக்கு ஆவாது.”

“எனக்கு மொளகு புடிக்கும்மா.”

“குடுங்கறேன்ல.”

நிலா விளையாட்டாகத்தான் கேரியரின் கொக்கியைத் தளர்த்தினாள். அம்மாவின் கை அதன்மேல் வந்து விழுந்தது. “இதுலேர்ந்து ஏதாச்சும் தின்னியா? உண்மையச் சொல்லு. ஒரு வாய் குடிச்சியா?”

அந்தக் கேள்வியில் இருந்த பயம் மிளகுக்கு உரியது அல்ல.

நிலா அம்மாவின் கையைப் பிடித்து, துணி போட்டுப் பார்க்கும் சின்ன அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று பக்கமும் கண்ணாடி. அல்லி எந்தப் பக்கம் திரும்பினாலும் அல்லியே நின்றாள்.

“என்னம்மா கலந்த?”

“மருந்துதான். வெஷமா வைக்கப் போறேன்?”

“என்ன மருந்து?”

“குடிய மறக்கடிக்கிறது. பேப்பர்ல போட்டிருந்தான், அவருக்குத் தெரியாமலே குடுக்கலாம்னு. செம்பியன்தான் போன் பண்ணி வரவழைச்சான்.”

செம்பியன் அல்லியின் தம்பி, மயிலாடுதுறையில் இருப்பவன். அக்காளுக்கு ஒன்று என்றால் முன்பின் யோசிக்காமல் ஓடி வருகிறவன்.

“எப்பலேர்ந்து குடுக்குற?”

“பொங்கல் கழிச்சு. பெருங்காய டப்பால வச்சிருக்கேன். ரசத்துல போட்டா வாசன தெரியாது.” அல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “மருந்து கேக்குதுல்ல? நல்லா இருக்காருல்ல? எல்லாரும் அல்சரு கொணமாயிடுச்சான்னு கேக்குறாங்கல்ல?”

நிலாவுக்குப் போன வாரம் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் அப்பா அவளைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துக்கொண்டு நடந்தார். கடைத்தெருவில் அந்தப் பச்சைப் பலகைச் சாராயக்கடையைத் தாண்டும்போது அவராகவே நின்றார். “இங்க வந்தாலே முன்னாடி கால் தானா உள்ள போவும். இப்ப அந்த வாசனையே குமட்டுது பாப்பா. மாத்திரையக் கூட டாக்டர் கொறச்சிட்டாரு. இந்தத் தடவ நானாவே விட்டுட்டேன்,” என்றார். சொல்லிவிட்டு, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார். நிலா அன்றிரவு டைரியில் அவர் சொன்ன அந்தக் கடைசி வரியை மட்டும்தான் எழுதினாள்.

அவள் மருத்துவமனை ஆலோசகர் நித்யஸ்ரீக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். நித்யஸ்ரீ இடைமறிக்காமல் கேட்டார்.

“பொடி மேல பேரு, கம்பெனி ஏதாவது போட்டிருக்கா?”

“வெறும் கவர்தான் மேடம். ஒண்ணும் போடலயாம்.”

“முதல்ல அந்தச் சாப்பாட்டை நிறுத்துங்க. இந்த மாதிரி பொடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. சிலதுக்கு மேல சாராயம் போச்சுன்னா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். இன்னிக்கு மிஷின் ஓட்டுறார்னு சொன்னீங்களே, கிறுகிறுப்பு, வாந்தி இருக்கான்னு கேளுங்க. இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இல்லாட்டியும் நாளைக்குப் பொடியோட வந்துடுங்க.”

“அவர்ட்ட சொல்லணுமா மேடம்?”

“இன்னிக்கே சொல்லணும். நீங்க சொல்லணும். வேற யார் மூலமாவும் போகக்கூடாது. நாலு பேர் முன்னாடி வேண்டாம். அம்மா மேல குத்தம் சொல்லியும் ஆரம்பிக்காதீங்க.”

“சொன்னா அந்தக் கோவத்துலயே குடிச்சிட மாட்டாரா?”

“குடிக்கலாம் நிலா. குடிக்காமயும் இருக்கலாம். அது நம்ம கையில இல்ல. அவருக்குத் தெரியாம அவர் உடம்புக்குள்ள ஒண்ணு போறத நிறுத்தறது நம்ம கையில இருக்கு.”

அஜீசுன்னிசா என்ன ஏது என்று கேட்கவில்லை. “மொதலாளிக்கு நான் சொல்லிக்கறேன். ஒனக்கு வயித்துவலி. வாயத் தொறந்து மாட்டிக்காதே, போ,” என்று அனுப்பி வைத்தாள்.

அஜீசுன்னிசா கொடுத்த ஸ்கூட்டியில் அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கேரியர்கள். டவுன் எல்லையைத் தாண்டினார்கள். இரு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்திருந்தது.

“ஆஸ்பத்திரில வீட்டாளுங்களுக்குன்னு வச்ச மீட்டிங்குக்கு நீயும் வந்திருக்கணும்மா. தெரியாமக் குடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னாங்க.”

“வந்தா யாராச்சும் பாப்பாங்க. போயிட்டு வந்து நீயும்தான் சொல்லல.”

அது உண்மை. நிலா ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். நம் வீட்டில் யார் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று நினைத்து அந்த எச்சரிக்கையை அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருந்தாள்.

சற்று தூரம் போனபின் அல்லியே பேசினாள். “பொங்கலன்னிக்குப் பான பொங்கறப்ப பக்கத்துல நின்னாருல்ல. வெல்லத்த எடுத்துக் குடுத்தாரு. வாசன இல்ல, தள்ளாட்டம் இல்ல. நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல அப்புடித்தான் நிப்பாரு. அந்த ஒரு நாள விட மனசு வரல நிலா. எங்க நழுவிப் போயிடுமோன்னுதான்.”

நிலா வண்டியை நிறுத்தவில்லை. ஆனால் வேகத்தைக் குறைத்தாள்.

அன்று மிஷின் இறங்கியிருந்த சோமசேகரனின் வயலில் பாதி அறுத்தாகிவிட்டது. பெல்ட் போட்ட அறுப்பு மிஷின் சேற்றில் தடம் போட்டபடி வந்துகொண்டிருந்தது. மேலே அப்பா, தலையில் துண்டு கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நிலா பார்த்து வெகுகாலமாகிவிட்டது. இந்த இடத்தில் வந்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அவள் வண்டியை வரப்போரம் நிறுத்தினாள்.

வரப்பில் குடை பிடித்து நின்ற சோமசேகரன் திரும்பினார். “என்ன நிலா, ஒங்க கடையில இன்னிக்கு நெல்லுக்குப் பில்லு போடச் சொல்லிட்டாங்களா?”

“சாப்பாடு கொண்டாந்தோம் பெரியப்பா.”

“ஒரு சாப்பாட்டுக்கு ரெண்டு ஆளா? கோவிந்து புதுமாப்புள முறுக்குலதான் இருக்கான். வரப்பு ஓரம் ஒரு கதிர் விடாம அறுக்குறான் பாரு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அவனுக்கு உள்ளத மிஷின் டூல் பாக்ஸ்ல வச்சிட்டேன். வேணாம்னான். வயல்ல எறங்குன மிஷின வெறுங்கையா அனுப்புனா எனக்கு நல்லாவா இருக்கும்? அல்சருக்கு பீருதான் ஆவாது, பிராந்தி ஒண்ணும் பண்ணாது.”

அல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொல்லி வைத்த அல்சர் வயலுக்குள் வந்து பாட்டிலாக உட்கார்ந்திருந்தது.

சோமசேகரன் நெல் ஏற்றிய டிராக்டருடன் களத்துக்குப் போகும்வரை நிலா காத்திருந்தாள். அப்பா மிஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, வாய்க்காலில் கைகால் கழுவினார். முகமெல்லாம் நெல் தூசி.

“ரெண்டு பேரும் வந்திருக்கீங்க? நல்லவேள. பசி உயிர் போவுது.”

“அப்பா, சாப்புடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

“நான் சொல்றேன்,” என்றாள் அல்லி.

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பேப்பர் விளம்பரம், தம்பி, பெருங்காய டப்பா, ரசம். சொல்லும்போது ஒரு முறை கூட அழவில்லை. கோவிந்தராசு வரப்பில் உட்கார்ந்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

“கிறுகிறுப்பு ஏதாச்சும் இருக்காப்பா? வாந்தி வர்ற மாதிரி?” என்று நிலா கேட்டாள்.

“இல்ல.”

“நாளைக்கு டாக்டர்ட்ட காட்டணும். அதுக்கு மேல குடிச்சா உயிருக்கே ஆபத்துன்னு மேடம் சொன்னாங்க. பயமுறுத்தறதுக்குச் சொல்லலப்பா. அதுல என்ன இருக்குன்னே யாருக்கும் தெரியல.”

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அறுத்து முடித்த நெல்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, அந்த வாசன புடிக்காமப் போனது,” என்று நிறுத்தினார். “நானா, பொடியா?”

அல்லி நிலாவைப் பார்த்தாள்.

“சொல்லு பாப்பா. நீ படிச்ச புள்ள. ஆஸ்பத்திரில ராவெல்லாம் நடுங்கிக்கிட்டுக் கெடந்தேன். நாக்கு கேக்கும், ஒடம்பு கேக்கும். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு நா காலையில எழுந்திரிச்சா கேக்கல. அன்னிக்கு நான் பட்ட சந்தோசம் ஒங்க யாருக்கும் தெரியாது. நாம ஜெயிச்சுட்டம்டான்னு நெனச்சேன். அது நான்தானா?”

தெரியும் என்று பொய் சொல்லலாம். நீங்கள்தான் அப்பா என்று சொன்னால் அந்த முகம் தெளியும். நிலாவுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தெரியலப்பா,” என்றாள். “நெசமாத் தெரியல.”

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம்.

அவள் தன் கேரியரை நீட்டினாள். “இது என்னோடது. இதுல ஒண்ணும் இல்ல. ரெண்டு வாய் சாப்புடுங்கப்பா.”

“தெரியும் பாப்பா. இப்ப சோறு எறங்காது.”

எழுந்து மிஷினை நோக்கி நடந்தார். நிலா பின்னாலேயே ஓடினாள். “அப்பா, டூல் பாக்ஸ்ல இருக்கறத நான் எடுத்துக்கட்டுமா?”

ஏணியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. “விடு. நான் பாத்துக்கறேன்.”

மாலை வகுப்புக்கு அவள் போகவில்லை. அம்மாவும் மகளும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் வயலை நீளவாக்கில் போய்ப் போய் வந்தது. அந்தக் கோடியில் ஒரு மூங்கில் புதர். அதற்குப் பின்னால் திரும்பும்போது மட்டும் அப்பா கண்ணுக்கு மறைவார். இஞ்சின் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. பிறகு வெளியே வருவார். ஒவ்வொரு முறையும் அல்லி விட்ட மூச்சு நிலாவுக்குக் கேட்டது.

“ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?” என்று அல்லி ஒருமுறை கேட்டாள்.

“வேணாம்மா.”

“நீ பாக்க மாட்டியா?”

“பாக்கணும்னுதான் இருக்கு.” நிலா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “நேத்து வரைக்கும் அவரு தூங்கறப்ப சட்டைய மோந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ பொடி போட்ட. நான் மோந்து பாத்தேன். அவர்ட்ட யாருமே கேக்கல.”

விளக்கு வைக்கிற நேரத்தில் மூவரும் வீடு வந்தார்கள். மிஷின் வயலிலேயே நின்றது. நாளைக்கு மிச்சத்தை அறுக்க வேண்டும்.

கோவிந்தராசு குளித்துவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குள் போனார். மகளும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, சின்னப் பாத்திரத்தில் அரிசி அளந்து போட்டார், களைந்தார், அடுப்பைப் பற்றவைத்தார். எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று தெரியாமல் ஒரு சொம்பு ஊற்றினார், யோசித்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

“நான் வைக்கிறேங்க,” என்றாள் அல்லி வாசற்படியில் நின்றபடி.

“இல்ல. கொஞ்ச நாளைக்கு எனக்கு நானே வடிச்சுக்கறேன்.”

குரலில் சுள்ளென்று ஒன்றுமில்லை. அதனால்தான் அல்லியால் அங்கே நிற்க முடியவில்லை. கல்யாணமான நாளாய் அவர் எந்த நிலையில் வந்தாலும், திட்டிக்கொண்டு வந்தாலும், விழுந்து எழுந்து வந்தாலும், அவள் போட்டதைத்தான் சாப்பிட்டிருக்கிறார். இன்றைக்கு நிதானமாக வந்திருக்கிறார். அவள் கைச்சோறு வேண்டாம் என்கிறார். கொல்லைப்பக்கம் போய்த் துணிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சாதம் குழைந்துவிட்டது. கோவிந்தராசு அதில் உப்பும் மோரும் ஊற்றிக் கரைத்துக் குடித்தார். நிலா எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பொடியக் கொட்டியாச்சா?”

“இல்லப்பா. டாக்டர்ட்ட காட்டணும்.”

“நானும் வரேன். ஒங்கம்மாளையும் வரச் சொல்லு. அவ ஒளிஞ்சுக்கிட்டு இருந்தது போதும். நானும்தான்.” குவளையைக் கீழே வைத்தார். “அல்சரு அல்சருன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வயித்த வலிக்குது.”

நிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

“பாப்பா.”

“சொல்லுங்கப்பா.”

“அது டூல் பாக்ஸ்லயேதான் இருக்கு. மூங்கில் கிட்ட திரும்பறப்பல்லாம் கை அந்தப் பக்கம் போச்சு. தொடல. ஆனா எடுத்துச் சோமு அண்ணன்ட்ட திருப்பிக் குடுக்கவும் கை வரல.” அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பொடி ஒடம்ப விட்டு எறங்கிச்சுன்னா, நாக்கு மறுபடி கேக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். அதுக்குள்ள அது அங்க இருக்கக்கூடாது. காலையில நீ என்கூட வயலுக்கு வரியா? எடுக்கறத நானே எடுக்குறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா பக்கத்துல நில்லு.”

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டு அவள் போய் நின்றதில்லை. தெருமுனையில், கடை வாசலில், பேருந்து நிறுத்தத்தில் அவளாகவேதான் தேடிப் போய் நின்றிருக்கிறாள்.

“வரேம்ப்பா,” என்றாள்.

கொல்லையில் துணிக்கல் காலியாக இருந்தது. அல்லி உள்ளே வந்து, எப்போது வந்தாள் என்று தெரியாமல், கதவு மறைவில் நின்றுகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குழைந்த சாதம் கொஞ்சம் பாத்திரத்தில் மிச்சம் இருந்தது. அதை மூடி, அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

நிலா டைரியைத் திறந்தாள். காலையில் எழுதியதில் கடைசி வரியை அடித்தாள். அதன்கீழ் எழுதினாள்:

நாளை, புதன். பனி விலகுவதற்குள் அப்பாவுடன் வயலுக்குப் போக வேண்டும். டூல் பாக்ஸை அப்பா திறப்பார். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து மூவரும் மருத்துவமனைக்கு.